இயக்கமா, இயக்க வெறியா?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கண்டியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்தவை. எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. ஆகவே இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தப்லீக், ஜமாஅத்தே இஸ்லாமி, தவ்ஹீத், தரீக்கா என்று ஏதோ ஒன்றில் இருப்பதே இயக்க வெறிதானா?
*வாசகர், கட்டுகஸ்தோட்டை*

பதில்: இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்ய ஒரு பெயரும் ஓர் ஒழுங்கும் வேண்டும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 1924இல் தொடங்கியது. இலங்கை ஜமாஅத்தே இஸ்லாமி 1954இல் தொடங்கியது. காதிரிய்யா, ஷாதுலிய்யா போன்ற தரீக்காக்கள் இவற்றுக்கெல்லாம் மூத்தவை. பெயர் வைத்துக்கொண்டதில் குற்றமில்லை.

குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்து நிகழ்ச்சி ஒன்றே போதும். ஒரு படைப் பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட்டார். அடிபட்டவர் அன்ஸார்களைக் கூவி அழைத்தார். அடித்தவர் முஹாஜிர்களைக் கூவி அழைத்தார். இரண்டுமே குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். ஆனாலும் நியாயம் எது என்று பாராமல் ஆள் திரட்ட அந்தப் பெயர்கள் பயன்பட்டபோது, இது அறியாமைக் காலத்துக் கூப்பாடு, விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். முஹாஜிர், அன்ஸார் என்ற பெயர்களுக்கே அந்த விதி என்றால், நம்முடைய பதிவு இலக்கம் பெற்ற சங்கங்களுக்கு என்ன விதிவிலக்கு? ஆளைப் பார்த்து நியாயம் சொல்லத் தொடங்கினால் அங்கே இயக்கம் முடிகிறது, வெறி தொடங்குகிறது.

கேள்வி: வெளிப்பார்வைக்கு எல்லோரும் மார்க்கம்தான் பேசுகிறார்கள். இயக்க வெறியை எப்படி அடையாளம் காண்பது?
*மாணவர், பேராதனைப் பல்கலைக்கழகம்*

பதில்: தாடியின் நீளத்திலும் தொப்பியின் நிறத்திலும் தேடாதீர்கள். தீர்ப்பில் தேடுங்கள்.

ஒரே காரியத்துக்கு ஆளுக்கொரு தீர்ப்பு வந்தால் அது முதல் அடையாளம். வெளிநாட்டுப் பணத்தில் நம்மவர் பள்ளி கட்டினால் அல்லாஹ்வின் அருள், மற்றவர் கட்டினால் சதி. நம்மவர் இரவு பத்து மணி தாண்டி ஒலிபெருக்கி வைத்தால் பயான், மற்றவர் வைத்தால் ஊருக்குத் தொல்லை.

இரண்டாவது, எதிர்த்தரப்பு ஆலிமை அவருடைய முழுப் பேச்சிலிருந்து அறியாமல், நம்மவர் வெட்டி அனுப்பிய இரண்டு நிமிட வாட்ஸ்அப் துண்டிலிருந்து அறிவது.

மூன்றாவது, ஸலாம் சொல்லுமுன் ஆள் யாரென்று பார்ப்பது.

நான்காவது, மற்ற இயக்கத்தார் ஒருவர் சறுக்கி விழுந்த செய்தி வந்ததும் மனத்தில் எழும் சந்தோஷம். இதை வெளியிலிருந்து எவராலும் காண முடியாது. அவரவரே தன்னில் பிடித்தாக வேண்டும்.

ஐந்தாவதுதான் மிகப் பெரியது. நம் தலைவர் இதில் தவறிவிட்டார் என்று இயக்கத்துக்குள் இருந்துகொண்டே ஒருவர் சொல்ல முடியுமா? சொன்னவர் அடுத்த மாதமும் அந்தக் கூட்டத்தில் மரியாதையோடு இருப்பாரா? ஆம் என்றால் அது இயக்கம். இல்லை என்றால் அங்கே மார்க்கத்தின் இடத்தில் தலைவர் உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் மஹல்லா இமாம் சுபஹில் குனூத் ஓதுகிறார் என்பதற்காக என் மகன் அவருக்குப் பின்னால் தொழுவதை நிறுத்திவிட்டான். வாப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சே இல்லை. என்ன செய்ய?
*ஒரு தாய், மடவளை*

பதில்: சகோதரி, மகனிடம் குனூத்தைப் பற்றி வாதாட வேண்டாம். இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்லுங்கள்.

இமாம் ஷாபிஈ சுபஹில் குனூத் ஓத வேண்டும் என்றவர். இமாம் அபூஹனீபாவின் கருத்து அதற்கு மாறானது. பக்தாதில் அபூஹனீபாவின் அடக்கத்தலத்துக்கு அருகே தொழ நேர்ந்தபோது, அவருக்கு மரியாதையாக ஷாபிஈ குனூத்தை விட்டார் என்று நூல்களில் சொல்லப்படுகிறது. ஒரு மத்ஹபின் இமாம், மறைந்துபோன இன்னோர் இமாமுக்குக் கொடுத்த மரியாதை இது.

மற்றது, ஹஜ்ஜின்போது மினாவில் நடந்தது. கலீபா உஸ்மான் (ரலி) அங்கே தொழுகையைச் சுருக்காமல் நான்கு ரக்அத்தாகத் தொழுதார்கள். அது சரியல்ல என்று இப்னு மஸ்ஊத் (ரலி) வெளிப்படையாகவே சொன்னார்கள். சொன்ன அவர்களே கலீபாவுக்குப் பின்னால் நின்று நான்கும் தொழுதார்கள். காரணம் கேட்டபோது, பிளவு அதைவிடக் கெட்டது என்ற பொருளில் பதில் சொன்னார்கள்.

மகன் தன் கருத்தை மாற்ற வேண்டியதில்லை, ஸஃப்பை மட்டும் மாற்றாதிருந்தால் போதும். வாப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள்: கை உயர்த்துவதையும் விரல் அசைப்பதையும் பார்த்து அவனை வஹ்ஹாபி என்று அழைப்பதை இன்றோடு நிறுத்தட்டும். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதைக் குர்ஆன் வெளிப்படையாகவே தடுத்திருக்கிறது. அந்தத் தடை குராபி, கப்று வணங்கி என்ற பட்டங்களுக்கும் பொருந்தும் என்று மகனுக்கும் தெரியட்டும்.

கேள்வி: எந்தப் பள்ளியில் தொழுவது நல்லது?
*வாசகர், மாவில்மடை*

பதில்: பாங்கு சொன்னதும் நடந்துபோய் முதல் தக்பீரைப் பிடிக்க முடிகிற பள்ளியில்.

கேள்வி: மத்ஹப் வேறுபாடே ஒரு பிளவுதானே? அதை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடாதா?
*வாசகர், கெலிஓயா*

பதில்: கண்டி நகரைப் பாருங்கள். ஷாபிஈ மத்ஹப் பெரும்பான்மையாக உள்ள இந்த நகரில் ஹனபி பள்ளி என்ற பெயரிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. மீராமக்காம் பள்ளியும் லைன் பள்ளியும் கட்டுக்கலைப் பள்ளியும் இருக்கின்றன. கடைத்தெருவில் லுஹர் பாங்கு கேட்டால் வியாபாரி பக்கத்திலிருக்கும் பள்ளிக்குப் போய்வருகிறார், மத்ஹபை விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை.

வேறுபாடு சண்டை மூட்டாது. வேறுபாட்டை வைத்து ஆள் சேர்க்கும்போதுதான் சண்டை வருகிறது. இமாம் மாலிக்கின் முவத்தா நூலையே எல்லோருக்கும் சட்டமாக்கிவிடலாம் என்று அப்பாஸிய கலீபா விரும்பியபோது இமாமே மறுத்துவிட்டார். ஸஹாபாக்கள் பல ஊர்களில் பரவி வாழ்ந்தார்கள், ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வழி எட்டியிருக்கிறது என்பது அவருடைய காரணம். அதிகாரம் தேடிவந்து கொடுத்த வெற்றியை ஓர் ஆலிம் வேண்டாம் என்று சொன்ன வரலாறு நமக்கு உண்டு.

கேள்வி: நான் எந்த இயக்கமும் இல்லை, குர்ஆனும் ஹதீஸும் மட்டும்தான் என்று சொல்பவர்கள் தப்பித்தார்கள் அல்லவா?
*வாசகி, உடதலவின்னை*

பதில்: சொல் நல்லது. ஆனால் அந்தச் சொல்லையே கொடியாக்கிவிட்டால் அதுவும் இன்னோர் இயக்கம்.

2021 ஏப்ரலில் அரசாங்கம் தடைசெய்த 11 அமைப்புகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அந்தத் தடை நியாயமா இல்லையா என்பது வேறு விஷயம்; 2023இல் அவற்றில் ஐந்தின் மீதான தடை நீக்கப்பட்டும்விட்டது. நான் சொல்ல வருவது பெயர்களைப் பற்றி. ஐக்கிய தவ்ஹீத் ஜமாஅத், சிலோன் தவ்ஹீத் ஜமாஅத், ஸ்ரீலங்கா தவ்ஹீத் ஜமாஅத், அகில இலங்கை தவ்ஹீத் ஜமாஅத் என்று நான்கு. இறைவன் ஒருவன் என்ற ஒரே கொள்கைக்கு நான்கு பெயர்ப்பலகை. தமிழ்நாட்டிலும் 1995இல் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) தோன்றியது, 2004இல் அதிலிருந்து பிரிந்து தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் வந்தது.

கருத்து வேறுபாடான விஷயங்களைப் பேசவே கூடாது என்பதை ஒழுங்காக வைத்திருந்த தப்லீக் ஜமாஅத்தும் தப்பவில்லை. தலைமை யாருக்கு என்ற கேள்வியில் நிஸாமுத்தீன் தரப்பு, ஷூரா தரப்பு என்று உலக அளவில் பிரிந்தது. 2018 டிசம்பரில் பங்களாதேஷின் தோங்கி இஜ்திமா மைதானத்தில் இரு தரப்பும் மோதி உயிரே போனது. அங்கே சண்டை அகீதாவுக்காகவும் அல்ல, பிக்ஹுக்காகவும் அல்ல. இயக்க வெறி பிடிக்க கொள்கை வேறுபாடுகூடத் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கேள்வி: எல்லோரையும் ஏன் சமமாகக் குறை சொல்கிறீர்கள்? பிரச்சினையைக் கொண்டுவந்தது தவ்ஹீத்காரர்கள்தானே?
*வாசகர், கம்பளை*

பதில்: வரலாறு உங்களுக்கும் சாதகமாக இல்லை, அவர்களுக்கும் சாதகமாக இல்லை.

2009 ஜூலையில் பேருவளையில் புகாரி தைக்காவின் கந்தூரியை ஒட்டி எழுந்த பகையில் மஸ்ஜிதுர் ரஹ்மான் பள்ளி தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது, இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். அங்கே அடிபட்டது தவ்ஹீத் பக்கம். காத்தான்குடியில் 2004இலும் 2006இலும் அடிபட்டவர்கள் ஸூபிகள். 2006இல் பயில்வான் என்று அறியப்பட்ட ஸூபித் தலைவர் இறந்தபின் அவருடைய ஜனாஸாவுக்குக்கூட அமைதி கிடைக்கவில்லை. இரண்டு ஊரிலும் அடித்தவர்கள் மார்க்கத்தைக் காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டார்கள்.

2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில், பின்னர் ஈஸ்டர் தாக்குதலை நடத்திய ஸஹ்ரானின் ஆட்கள் ஸூபிகளோடு மோதினார்கள். அதன்பின் ஸஹ்ரான் தலைமறைவானார். 2018 டிசம்பர் 26இல் நமக்கு அடுத்த ஊரான மாவனல்லையில் அவரோடு தொடர்புடையவர்களால் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று அவர்கள் நடத்திய குண்டுத் தாக்குதல்கள் உலகத்துக்கே தெரியும். தவ்ஹீத் பேசிய ஆயிரக்கணக்கானோருக்கு அந்தக் கொலைகளில் பங்கில்லை, அவர்களில் பலர் ஸஹ்ரானை முன்பே ஒதுக்கியவர்கள். ஆனால் மாற்றுக் கருத்துள்ள முஸ்லிமை முஸ்லிமே அல்ல என்று சொல்லப் பழகிய நாக்கு, மாற்று மதத்தவரை மனிதரே அல்ல என்று சொல்ல நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. காபிர் என்ற தீர்ப்பை எந்த மிம்பரில் கேட்டாலும் ஊர் விழித்துக்கொள்ள வேண்டும். அதை உள்வீட்டுச் சண்டை என்று தள்ளிவைத்ததற்கு நாம் கொடுத்த விலை மிகப் பெரியது.

கேள்வி: தங்கச்சியின் கலியாணத்தில் மச்சான் சஹனில் உட்காரவில்லை. முதல் நாள் வீட்டில் மவ்லூத் ஓதினோம் என்பது காரணம். உம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.
*வாசகர், அக்குறணை*

பதில்: மவ்லூத் சபையில் உட்கார மச்சானுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் அது அவர் உரிமை. அந்தச் சபையின் நார்ஸாவை வேண்டாம் என்பதையும் விட்டுவிடலாம். ஆனால் கலியாணச் சோறு மவ்லூத் சோறல்ல. பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த ஹலாலான கோழி, சொந்தக்காரரின் அழைப்பு. அழைப்பை ஏற்பது சுன்னத் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்காருகிறார்கள். ஒருவர் இறைச்சித் துண்டை எடுத்துப் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளிவைக்கிறார், வயதானவருக்கு எலும்பில்லாத துண்டு போகிறது, கடைசியில் கை கழுவ ஒருவர் மற்றவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஆறில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் மண்டபமே பார்க்கும். மச்சான் மறுத்தது சோற்றை என்று அவர் நினைத்திருக்கலாம். உம்மாவுக்கு அது தன்னை மறுத்ததாகப் பட்டிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். விவாதம் வேண்டாம். உம்மா கையால் பரிமாறட்டும். அவரும் வர வேண்டும். வந்து உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரே வீட்டில் இரண்டு பெருநாள். நானா சர்வதேசப் பிறை, வாப்பா உள்நாட்டுப் பிறை. யார் சரி?
*வாசகி, கல்ஹின்னை*

பதில்: இந்தக் கேள்வி ஸஹாபாக்கள் காலத்திலேயே வந்துவிட்டது. சிரியாவில் வெள்ளி இரவு பிறை கண்ட செய்தியோடு குரைப் என்பவர் மதீனாவுக்கு வந்தார். மதீனாவில் சனி இரவுதான் கண்டிருந்தார்கள். அந்தச் செய்தியை வைத்துத் தங்கள் கணக்கை மாற்ற இப்னு அப்பாஸ் (ரலி) உடன்படவில்லை. ஓர் ஊரில் கண்டால் எல்லோருக்கும் போதும் என்ற இமாம்களும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

2013 நோன்புப் பெருநாளில் கிண்ணியாவில் பிறை கண்டோம் என்றார்கள், கொழும்பில் அது ஏற்கப்படவில்லை, நாடே இரண்டு நாளில் பெருநாள் கொண்டாடியது. இன்றுவரை அந்தக் காயம் ஆறவில்லை. என் கருத்து, ஊரோடு ஒத்துப் பெருநாள் எடுப்பதே நல்லது. நோன்பும் பெருநாளும் கூடிச் செய்யும் வணக்கங்கள். நானாவுக்கு மனம் வரவில்லை என்றால், வாப்பா நோன்பு பிடித்திருக்கும் நாளில் அவர் கண்முன்னே பிரியாணி சமைத்து மார்க்கத்தை நிரூபிக்க வேண்டாம்.

கேள்வி: அறிஞர் சித்திலெப்பை இன்று இருந்தால் எந்த இயக்கத்தில் இருப்பார்?
*ஆசிரியர், கண்டி*

பதில்: அவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் எல்லா இயக்கமும் திணறும்.

நம் கண்டியில் 1838இல் பிறந்தவர். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார், 1885இல் அசன்பே சரித்திரம் எழுதினார். நம் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று, ஊர் எதிர்த்த காலத்தில் கண்டியிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார். அந்த வகையில் அவர் சீர்திருத்தவாதி. அதே மனிதர்தான் அஸ்றாருல் ஆலம் என்ற மெய்ஞ்ஞான நூலையும் எழுதினார். அந்த வகையில் ஸூபி. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்து பிற்காலத்தில் கண்டியில் வாழ்ந்த ஒறாபி பாஷாவோடு சேர்ந்து முஸ்லிம்களின் நவீன கல்விக்கு உழைத்தார். அந்த வகையில் சமூக அரசியல்வாதி.

இன்றைக்கு ஒருவர் ஸூபி நூல் எழுதினால் ஒரு கூட்டம் ஒதுக்கும், சீர்திருத்தம் பேசினால் மறு கூட்டம் ஒதுக்கும். இரண்டையும் ஒருசேரச் செய்த ஒருவர் இல்லாவிட்டால் நம்மில் பல குடும்பங்களின் பெண்கள் எழுத்தறிய இன்னொரு தலைமுறை ஆகியிருக்கும்.

கேள்வி: ஒற்றுமை, ஒற்றுமை என்று சொல்லி பித்அத்தைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருக்கச் சொல்கிறீர்களா?
*வாசகர், வெரல்லகம*

பதில்: இல்லை. பேசுங்கள். செயலைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி அல்ல. அவர் முகத்துக்கு முன்னால் பேசுங்கள், முகநூலில் அல்ல. ஆதாரம் சொல்லுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பனூ குறைழாவிடம் போய்த்தான் அஸர் தொழ வேண்டும் என்ற நபியவர்களின் கட்டளையை ஸஹாபாக்கள் இரண்டு விதமாக விளங்கினார்கள். சிலர் நேரம் தவறாமல் வழியிலேயே தொழுதார்கள், சிலர் நேரம் போனாலும் அங்கே போய்த் தொழுதார்கள். செய்தி நபியவர்களுக்கு எட்டியது. இரு சாராரில் எவரையும் அவர்கள் கண்டிக்கவில்லை. கட்டளை இட்டவர்களே விட்டுவைத்த இடைவெளியை நாம் ஏன் அடைக்க ஓடுகிறோம்?

கேள்வி: நான் முஸ்லிம் அல்ல. பக்கத்து வீட்டார் எந்த இயக்கம் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமா?
*ஆசிரியை, மஹியாவ*

பதில்: வேண்டியதில்லை அம்மா. அபாயா உடுப்பதும் தாடி வைப்பதும் ஓர் இயக்கத்தின் சீருடை அல்ல. 2019க்குப் பிறகு வஹ்ஹாபி என்ற சொல்லைத் தொலைக்காட்சிகள் கண்டபடி வீசின. பொழுது விடிந்ததும் பால் வாங்கப் போன மனிதர்களும் அதில் அடிபட்டார்கள். உங்கள் அயலவர் வெறுப்புப் பேசுகிறாரா, உதவிக்கு வருகிறாரா என்று மட்டும் பாருங்கள். எந்த மதத்தவரையும் அளக்க அதுவே போதும்.

கேள்வி: திகன கலவரத்தின்போது எல்லா இயக்கமும் ஒன்றாக நின்றோம். அந்த ஒற்றுமை எங்கே போனது?
*வாசகர், திகன*

பதில்: பயம் போனதும் அதுவும் போனது. 2018 மார்ச் முதல் வாரத்தில் திகனயிலும் தெல்தெனியவிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணைப் பக்கமும் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தபோது, தீ வைத்தவன் இது தப்லீக் பள்ளியா, தவ்ஹீத் பள்ளியா என்று கேட்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டபோதும் அப்படித்தான். பிறகு 2021 மார்ச் முதல் ஓட்டமாவடியில் 3600க்கும் மேற்பட்ட உடல்கள் அடக்கப்பட்டன. அங்கே தரீக்காவுக்கு ஒரு வரிசை, தவ்ஹீதுக்கு ஒரு வரிசை என்று இல்லை. மாற்று மதத்தவரும் அதே மண்ணில்தான் இருக்கிறார்கள்.

எதிரியின் தயவில் வரும் ஒற்றுமை அவனோடே போய்விடும். நிலைக்க வேண்டுமென்றால் சாதாரண நாளில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்: ஸக்காத்தை ஊரளவில் சேர்த்துக் கொடுப்பது, போதைப்பொருளுக்கு எதிராக நிற்பது, இரத்ததான முகாம் வைப்பது. இவற்றுக்கு மத்ஹப் கிடையாது.

கேள்வி: நான் ஒரு பள்ளி நிர்வாகி. நடைமுறையில் என்ன செய்யலாம்?
*வாசகர், மாத்தளை வீதி, கண்டி*

பதில்: பள்ளிவாசல் வக்பு சொத்து. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின் கீழ் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பவர் பொறுப்பாளர்தான், சொந்தக்காரர் அல்ல. அங்கிருந்து தொடங்குங்கள்.

அனுமதியின்றி எந்த இயக்கமும் பயான் செய்யக் கூடாது என்று வாசலில் பலகை மாட்டியிருப்பீர்கள். நல்லது. அந்த விதி உங்கள் இயக்கத்துக்கும் பொருந்தட்டும். ஜும்ஆ மிம்பரில் எவரையும் பெயர் சொல்லியோ பட்டம் சொல்லியோ தாக்கக் கூடாது என்பதை கதீபுக்கு எழுத்திலேயே கொடுங்கள். நிர்வாகத் தெரிவில் இயக்கம் பார்த்து ஆள் நிரப்பாதீர்கள், கணக்கைப் பலகையில் போடுங்கள். சந்தா நிலுவையையோ இயக்கத்தையோ காட்டி மையவாடியில் இடம் மறுக்காதீர்கள். தல்கீன் ஓதுவதா வேண்டாமா என்பதை மய்யித்தின் குடும்பம் தீர்மானிக்கட்டும். கப்றடியில் விவாதம் வேண்டாம்.

கேள்வி: இந்தப் பதில்களைப் படித்ததும் எனக்குத் தெரிந்த மற்ற இயக்கத்துக்காரர் ஒருவருக்கு அனுப்ப வேண்டும்போல் இருக்கும் என்று நினைக்கிறேன். அனுப்பலாமா?
*வாசகர், கண்டி*

பதில்: தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதலில் உங்கள் இயக்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். போட்டுவிட்டு, நம் ஜமாஅத் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு தவறையும் மற்ற ஜமாஅத்திடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு நல்லதையும் உங்கள் கையால் கீழே எழுதுங்கள். எழுத முடிந்தால் உங்களிடம் இயக்கம் இருக்கிறது, வெறி இல்லை. எழுதக் கை வரவில்லை என்றால், இந்த வெள்ளிக்கிழமை வேறொரு பள்ளியில் ஜும்ஆ தொழுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு நீங்களே முதலில் ஸலாம் சொல்லுங்கள்.